மாமன் கையில் சேலைத் தட்டு

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, உங்க பக்கம் மழை உண்டா என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, "என்ன வேலை பாக்குறீக?" என்பார்.

"சேலை கட்டிவிடுறேன்."

"சேலைக் கடையா?"

"இல்லைங்க. கல்யாணப் பொண்ணுகளுக்குச் சேலை கட்டிவிடுற வேலை."

அவ்வளவுதான். அருப்புக்கோட்டையில் ஏறிய மனுஷர் பாலவனத்தம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு வருவார். இறங்கும்போது மட்டும் ஒரு தடவை திரும்பி என் மீசையைப் பார்ப்பார், அசல்தானா என்று சந்தேகப்படுகிற மாதிரி.

மீசை அசல்தான். கொஞ்சம் பெரிய மீசை. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அதை இன்னும் கொஞ்சம் வளர விட்டேன் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். நான் மறுக்கிறதில்லை.

அதற்கு முன்னால் ரொம்ப வருஷம் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவன் நான். கடையில் சேலையைப் பிரித்துக் காட்டினால் போதாது. கட்டினால் எப்படி இருக்கும் என்று அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டும். அதனால் என் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, முந்தியைத் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் நானே நிற்பேன். "கலரு எடுப்பா இருக்கா பாருங்க தாயி" என்று ஒரு அரைச் சுற்றுத் திரும்பியும் காட்டுவேன். புருஷன்மார்கள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கடைக்காரர் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். ஒருத்தர்கூடச் சிரித்ததில்லை. ஆம்பளை சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றால் அது வியாபாரம். அதே சேலையை ஒரு பெண்ணுக்குக் கட்டிவிட்டால் மட்டும் ஊருக்குத் தொண்டை கமறும். இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை.

கடை வாசலில் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைகளுக்குச் சேலை கட்டுவதும் என் தலையில்தான் விழுந்தது. வேறு யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள். பொம்மை மூச்சை இழுத்து இடுப்பைக் குறுக்கிக் கொடுக்காது. சேலை நழுவினால் கையால் பிடித்துக்கொள்ளாது. அந்தப் பொம்மைகள்தான் எனக்கு வாத்தியார். பிறகு போனில் வீடியோ பார்த்து, முதல் நாளே கொசுவம் வைத்து இஸ்திரி போட்டுப் பெட்டி மாதிரி மடிக்கிறதையும் கற்றுக்கொண்டேன். ஒருநாள் ஒரு அம்மா கண்ணாடிக்குள் பொம்மையைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி எம் பொண்ணுக்குக் கட்டிவிட ஆள் இருக்கா?" என்று கேட்டார். "நான்தான் கட்டுனேன்" என்றேன். அந்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம், "சரி, நீங்களே வாங்க. அந்தப் பொம்மையவிட எம் பொண்ணு கொஞ்சம் பேசும், அதான் வித்தியாசம்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

வேலைக்கென்று நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். முதல் சுற்றைப் பெண்ணே சுற்றிச் சொருகிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வீட்டுப் பொம்பளை ஒருத்தர் கூடவே இருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்கலாம், தாழ்ப்பாள் கூடாது. நான் ஊக்குகளை வரிசையாகச் சட்டைப் பையின் ஓரத்தில் குத்திக்கொண்டு போவேன். கொசுவத்தை என் விரலில் மடித்து, நீவி, நேராக்கி, பெண்ணின் கையில் கொடுப்பேன். "மடிக்கிறது எங் கை, சொருகுறது உங் கை தாயி" என்பேன். அவள் வாங்கிச் சொருகிக்கொள்வாள். நான் ஒரு நாளும் சொருகினதில்லை.

இந்த முறையெல்லாம் டீக்கடையில் செல்லாது. "ஏலே, எம் பொண்டாட்டி கொசவத்த நாந் தொட்டே வருசக்கணக்காச்சு. நீ ஊர்க் கொசவத்தையெல்லாம் தொட்டுட்டு வாரியே!" என்பான் கூட்டாளி. "வீட்டுக்குப் போயித் தொட்டுப் பாரு. மடிக்கத் தெரியாம முழிச்சு வாங்கிக் கட்டிட்டு வருவ" என்பேன். எங்கள் செட்டில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் உண்டு. அவனைப் பார்த்து நோயாளிகள், "நர்ஸம்மா வரலையாப்பா?" என்று கேட்பார்களாம். "நாந்தான் நர்ஸம்மா, கைய நீட்டுங்க" என்று ஊசியைப் போட்டுவிட்டு வந்துவிடுவானாம். "வலிக்கலையேன்னு சொல்றாகண்ணே. ஆனா சொல்லும்போதும் வாசலத்தான் பாக்குறாக, நெசமான நர்ஸு எப்ப வருவாகன்னு" என்பான். நானும் அவனும் சேர்ந்து சிரிப்போம்.

இதெல்லாம் வெளி ஆட்கள் பேச்சு. துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். சொந்த வீட்டுக்குள் வந்ததுதான் துடைக்க முடியாததாக வந்தது.

என் அக்கா திருச்சுழியில் வாக்கப்பட்டவள். அவளுக்கு ஒரே மகள். சின்னப் பிள்ளையில் நான் போனாலே என் தோள் துண்டை உருவிக்கொண்டு, "மாமா, சேலை கட்டிவிடு" என்று வந்து நிற்பாள். அவளுக்குப் பரளச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பருத்தியும் மிளகாயும் போடுகிற காட்டுக்காரக் குடும்பம். மாப்பிள்ளை மதுரையில் வேலை. தகப்பன் இல்லாத பையன் என்பதால் பெரியப்பாதான் எல்லாம். அவர் சொன்னால் மழைகூட ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கும் என்று அந்த ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். வருகிற மழையா, போகிற மழையா என்று நான் கேட்கவில்லை.

நிச்சயத்தன்று அவர்தான் கேட்டார், "மாமன் என்ன பண்றாக?"

"ஜவுளி" என்றாள் அக்கா, அவசரமாக.

"கல்யாணப் பொண்ணுகளுக்குச் சேலை கட்டிவிடுறேன்" என்றேன் நான்.

காபி டம்ளர் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

கொஞ்ச நாளில் அக்கா மூலமாகச் சேதி வந்தது. சேலை கட்டிவிட அவர்களே பார்லரிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டார்களாம். "மாமன் மாமனா வரட்டும். சபையில நின்னு பட்டம் கட்டட்டும். அந்தச் சேலை கட்டுற பையத் தூக்கிக்கிட்டு மண்டபத்துக்கு வர வேணாம். யாரு கேட்டாலும் ஜவுளிக்கடைன்னு சொல்லிரட்டும்."

எங்கள் பக்கம் தாலி ஏறுவதற்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். அவன் இல்லையென்றால் மேளமே நிற்கும். ஒரு ஆம்பளையைச் சபை நடுவில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது. அந்த இடத்துக்கு என்னையும் கூப்பிட்டு, கையை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அக்கா அழுதாள். "ஒருநாத்தானடா தம்பி. ஒருநா அந்த வேலையப் பாக்காதவன் மாதிரி இருந்துட்டுப் போயேன். சம்பந்தம் முறிஞ்சு போச்சுன்னா எம் பிள்ளைய யாரு கட்டுவா?"

அடுப்படிக்குள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "மாமா கட்டலைன்னா நான் நைட்டியோடதான் மேடை ஏறுவேன்."

"உனக்கு மாப்ள வேணுமா, மாமன் வேணுமாடி?"

"எனக்குச் சேலை வேணும். ஒழுங்கா நிக்கிற சேலை."

வீட்டுக்கு வந்து படுத்தே கிடந்தேன். என் வீட்டுக்காரி ரெண்டு நாள் பொறுத்தாள். அப்புறம், "போயி அவுக மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வாங்க. அங்க சொல்லாம விட்டீகன்னா வருசம் பூராம் எங்கிட்டதான் சொல்லுவீக" என்றாள்.

போனேன். பெரியப்பா களத்தில் காய்கிற மிளகாயைக் காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. பேச்சைத் தும்மலோடு ஆரம்பிக்க வேண்டியிருந்ததே என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"வாங்க சம்மந்தி. உக்காருங்க."

"நின்னே சொல்லிர்றேன். எம் மருமகளுக்கு நாந்தான் சேலை கட்டிவிடுவேன்."

அவர் காலை நிறுத்தவில்லை. "ஆம்பள கட்டிவிட்ட சேலையில ஒரு பொண்ணு எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல."

"அந்தச் சேலைய நெய்யுறவன் ஆம்பள. கடையில எடுத்துப் போட்டவன் ஆம்பள. நீங்களும் கூடப் போயித்தான எடுத்தீக?"

"எடுக்குறது வேற. கட்டுறது வேற."

"பட்டம் கட்ட மட்டும் நான் வேணும்ல?"

"அது மாமன் முறை."

"அதுவும் இதே கைதான். பட்டத்துக்கு ஒரு கை, சேலைக்கு ஒரு கைன்னு எனக்கு நாலு கையா இருக்கு?"

இப்போது நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இம்புட்டு மீசைய வச்சுக்கிட்டு ஒருத்தர் இப்படிப் பேசுறத இப்பத்தான் கேக்குறேன்."

"மீசை இருக்கிறதுனாலதான் பேசுறேன்."

"பொண்ணு வீட்டுக்காரக இம்புட்டுப் பேசக் கூடாது."

"பொண்ணு வீட்டுக்காரனாப் பேசல. மாமனாப் பேசுறேன். வந்தா ரெண்டு கையோடயும்தான் வருவேன்."

"பாப்போம்" என்றார்.

"பாப்போம்" என்றேன்.

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. நான் நிமிர்ந்து நிற்க அவள் மகள் வாழ்க்கை ஏன் குனிய வேண்டும் என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. இன்றைக்குக் குனிந்தால் நாளைக்கு எந்தக் கல்யாண வீட்டில் போய் எந்த முகத்தோடு கொசுவம் பிடிப்பாய் என்று இன்னொரு பக்கம் கேட்டது. பஸ்ஸு அருப்புக்கோட்டை வந்து சேர்ந்தது. மனசு வந்து சேரவில்லை.

கல்யாணம் திருச்சுழியில் ஒரு மண்டபத்தில். பையை என் வீட்டுக்காரி கூடையில் பூவுக்கு அடியில் வைத்து எடுத்து வந்திருந்தாள். "நான் ஒண்ணும் சொல்லல. கூடையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றாள். மணமகள் அறைக்குள் அந்தப் பார்லர் பெண் தலை அலங்காரத்தை முடித்துவிட்டு ஓரமாக நின்றது. பாவம், சின்னப் பிள்ளை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. வரச் சொன்னாக, வந்தேன்" என்றது. நடைவழியில் பெரியப்பா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். காவல்தான்.

அப்போதுதான் யாரும் யோசித்துப் பார்க்காத ஒன்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டு வழக்கம் இது: முகூர்த்தச் சேலையைத் தட்டில் வைத்துச் சபையில் பெரியவர்கள் தொட்டு ஆசி கொடுத்த பிறகு, அதை மாப்பிள்ளை வீட்டு மூத்தவர் பெண்ணின் தாய்மாமன் கையில் கொடுக்க வேண்டும். மாமன் அதை ஏந்திக்கொண்டு போய்ப் பெண்ணிடம் சேர்க்க வேண்டும். ஏந்தின தட்டை நடுவில் கீழே வைக்கக் கூடாது. திருப்பி வாங்கவும் கூடாது. சபையைச் சுற்றித் தட்டு வந்தது. மூத்தவர் யார்? பெரியப்பாதான். மாமன் யார்? நான்தான்.

அவர் நாற்காலியை விட்டுச் சபைக்கு எழுந்து வந்து தட்டை நீட்டினார். நான் ரெண்டு கையாலும் வாங்கினேன். வாங்கின பிறகுதான் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் விரல் தட்டின் விளிம்பை விடாமல் ஒரு கணம் அப்படியே நின்றது. அப்புறம் விட்டது. விட்டுத்தான் ஆக வேண்டும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அறைப் பக்கம் நடந்தேன். பின்னாலேயே வந்தார். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வாசல்ல நின்னு பொண்ணு கையில குடுத்துட்டுத் திரும்பிருங்க."

நான் வாசலில் நின்றேன். ஆனால் திரும்பி அவரைப் பார்த்து நின்றேன். மேளம் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். அடக்கிப் பேசுகிற தொண்டை எனக்கு என்றைக்குமே கிடையாது.

"எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். நான் பொண்ணுக்குத் தாய்மாமன். என் வேலை சேலை கட்டிவிடுறது. ஜவுளிக்கடை இல்ல. இந்தச் சேலைய எம் மருமகளுக்கு நாந்தான் கட்டிவிடப் போறேன். யாருக்காவது பேச்சு இருந்தா இப்பவே, எம் மூஞ்சியப் பாத்துப் பேசிருங்க. பின்னால பேச வேணாம்."

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா, "தட்ட..." என்று கையை நீட்டினார். நீட்டின கையை அப்படியே இழுத்துக்கொண்டார். தட்டைத் திருப்பி வாங்கினால் அது அவர் வீட்டு வழக்கத்துக்கே ஆகாது.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா முந்தியை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தார். பெரியப்பாவின் சம்சாரம்.

"தள்ளுங்க. நேரம் போகுது."

"நீ சும்மா இரு."

"சும்மாதான இருக்கேன், கல்யாணமான நாள்ல இருந்து. நான் உள்ள கூட இருக்கேன். உங்களுக்கு என்ன பயம்? அவுக சேலைதான கட்டப் போறாக, தாலியா கட்டப் போறாக?"

யாரோ ஒரு பொம்பளை சிரித்துவிட்டாள். அந்தம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் உள்ளே போனேன்.

மருமகள் முதல் சுற்றைச் சுற்றிச் சொருகிக்கொண்டு திரும்பி நின்றாள். அறைக்குள் வந்திருந்த பூக்கூடையிலிருந்து ஊக்குகளை எடுத்துச் சட்டைப் பையோரம் குத்திக்கொண்டேன். புதுப்பட்டு விறைப்பாக நின்றது. சொன்னபடி கேட்கிற பட்டு இல்லை. ஒவ்வொரு மடிப்பையும் விரலுக்கிடையில் அழுத்தி அழுத்திச் சமாதானம் பண்ணிக்கொண்டே வந்தேன். அந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ் ஓரம் எல்லாம் ஒரே மட்டமா நிக்குதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"மாமா, இதக் கட்டிக்கிட்டு ஓட முடியுமா?" என்றாள் மருமகள்.

"பெரியப்பா தொரத்துனா ஓடலாம் தாயி. மாப்ள தொரத்துனா நின்னுக்கோ."

ஸ்டூலில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து நீட்டினேன். எத்தனையோ பெண்களுக்கு நீட்டியிருக்கிறேன். இவள் வாங்கும்போது மட்டும் கொசுவத்தோடு சேர்த்து என் விரலையும் ஒரு நிமிஷம் பிடித்திருந்தாள். அப்புறம் சொருகிக்கொண்டாள்.

மேடையில் இன்னொரு வழக்கம் பாக்கியிருந்தது. பட்டம் கட்டப் போகிற மாமனுக்கு மாப்பிள்ளை வீட்டு மூத்தவர் புதுத் துண்டால் தலைப்பாகை கட்டி மேடை ஏற்ற வேண்டும். "தாய்மாமன் வாங்க" என்று குரல் வந்தது. பெரியப்பா தூணோரம் நின்றார். புதுத்துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. அவர் கை அதை எடுக்கவில்லை. நான் ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்று பார்த்தேன். மறுபடியும், "மாமன் வாங்க" என்றார்கள். வெறுந்தலையோடு ஏறினேன்.

அந்தத் துண்டு இன்றைக்கு வரைக்கும் எனக்கு வரவில்லை. அவர் என்னோடு பேசுவதும் இல்லை. வழியில் பார்த்தால் நான் வணக்கம் சொல்வேன்; அவர் வானத்தைப் பார்த்து மழை பார்ப்பார். சம்பந்தம் ஒன்றும் முறிந்துவிடவில்லை. மருமகள் மதுரையில் நன்றாக இருக்கிறாள். அவர் சம்சாரம் மட்டும் விசேஷம் வந்தால் எனக்குப் போன் போட்டு, "பையோட வாங்க" என்பார்.

அன்றைக்குப் பட்டத்தைக் கட்டி முடிச்சுப் போட்டேன். மேளம் கொட்டியது. தாலி ஏறியது. மாமன் வரிசைக்கு என்று போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். பெண் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நானும் அக்காவும் போய் நின்றோம். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அண்ணே, சட்டையில ஊக்கு வரிசையா நிக்குது. கழட்டிருங்க, போட்டோவுல விழும்."

குனிந்து பார்த்தேன். அவசரத்தில் எடுக்க மறந்த ஊக்குகள் பையோரத்தில் மின்னிக்கொண்டிருந்தன. எனக்கு முந்தி அக்காவின் கைதான் பழக்கத்தில் அவற்றை எடுக்க வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும்க்கா" என்றேன். போட்டோக்காரரிடம் சொன்னேன்: "விழட்டும். எடுங்க."